‘துக்கம் என்மேல் இருக்கிறது’: இன்றைய ஐரிஷ் எழுத்தில் பேசாத பேச்சு

புது வீட்டில் முதல் இரவு. காலையில் எழுந்து பார்த்தால் படுக்கை நனைந்திருக்கிறது. சிறுமி பயந்துபோய்க் கிடக்கிறாள். வீட்டுக்கார அம்மாள் வந்து பார்க்கிறார். திட்டவில்லை, பரவாயில்லை என்று தேற்றவும் இல்லை. இந்தப் பழைய மெத்தைகளே இப்படித்தான், எப்போது பார்த்தாலும் கசிந்துகொண்டே இருக்கும், உன்னைப் போய் இதில் படுக்கவைத்தேனே என்று தன்னையே நொந்துகொள்கிறார். பிறகு மெத்தையை வெளியே இழுத்துப் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைப்பதோடு சரி. அந்த விஷயம் மறுபடி அவர் வாயில் வருவதே இல்லை.

கசிவதற்கு அவர் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல்லுக்கு அழுவது என்பதுதான் முதல் பொருள். அந்த வீட்டில் அழுதுகொண்டிருப்பது யார் என்பது பல பக்கங்கள் கழித்தே நமக்குத் தெரியவருகிறது.

கிளேர் கீகன் 2010இல் நூலாக வெளியிட்ட ‘ஃபாஸ்டர்’ என்ற சிறிய கதையின் காட்சி இது. அயர்லாந்தின் தென்கிழக்கில் உள்ள வெக்ஸ்ஃபோர்டு மாவட்டம், 1981ஆம் ஆண்டுக் கோடை. வீடு நிறையக் குழந்தைகள், தாய் மறுபடியும் கர்ப்பம். வறுமையும் அலட்சியமும் கலந்த அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையைச் சில மாதங்களுக்கு உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார் தகப்பன். விட்டுவிட்டுப் போகும்போது அவளுடைய துணிப்பெட்டியை இறக்கிவைக்கக்கூட மறந்துவிடுகிறார். அந்த வீட்டுத் தம்பதி கின்செலாக்கள் அவளுக்குப் பையன் உடுப்புகளை எடுத்து உடுத்திவிடுகிறார்கள். அவள் படுக்கும் அறையின் சுவர்த்தாளில் ரயில் படங்கள். பிள்ளையில்லாத வீட்டில் இதெல்லாம் எப்படி வந்தது என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கடைசியில் அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி வாயாடிக்கொண்டே போட்டு உடைக்கிறாள். அவர்களுக்கு ஒரு மகன் இருந்தான், சாணிக் குழியில் விழுந்து மூழ்கிச் செத்தான்.

துக்கம், அன்பு, குற்றவுணர்வு என்ற சொற்களைக் கீகன் ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஆனாலும் கதை முழுவதும் அவைதான். ஒரு துணி, ஒரு வாளி, ஒரு கிணறு, கைபிடித்து நடக்கும் ஒரு நடை என்று உணர்வு முழுவதும் பொருள்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. இந்தக் கதையை 2022இல் ஐரிஷ் மொழியில் படமாக எடுத்தார் காலம் பரேய்ட். ‘அமைதியான பெண்’ என்று பொருள்படும் தலைப்போடு வந்த அந்தப் படம், ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஐரிஷ் மொழிப் படம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கதை ஐரிஷுக்குப் போனபோது மொழிபெயர்ந்தது போலவே தோன்றவில்லை, தன் வீட்டுக்குத் திரும்பியது போல இருந்தது. ஏன் என்று யோசித்தபோதுதான் இந்தக் கட்டுரையை எழுதும் எண்ணம் வந்தது.

ஐரிஷ்காரர்கள் என்றால் உலகத்துக்கு ஒரு பிம்பம் உண்டு. வாய் ஓயாத பேச்சு, மதுக்கடையில் பாட்டு, கதை சொல்லும் திறமை. அதே மக்களின் இன்றைய இலக்கியத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் பேச முடியாதவர்கள். கேட்டால், அது அவர்கள் சுபாவம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அந்த வாயடைப்பு ஒரு காலத்தில், சிலரால், சில காரணங்களுக்காக உண்டாக்கப்பட்டது. இன்றைய ஐரிஷ் எழுத்தாளர்களில் சிறந்தவர்கள் அந்தப் பூட்டின் சாவியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் மொழியைப் பார்க்கலாம். ஐரிஷில் ‘நான் துக்கமாக இருக்கிறேன்’ என்று பொதுவாகச் சொல்வதில்லை. ‘தா ப்ரோன் ஒரம்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால், துக்கம் என்மேல் இருக்கிறது. மகிழ்ச்சியும் அப்படித்தான், பசியும் தாகமும் பயமும் வெட்கமும் அப்படித்தான். எல்லாமே வெளியிலிருந்து வந்து மனிதன்மேல் அமர்கின்றன. தமிழ் வாசகருக்கு இது புரியாத சங்கதி அல்ல. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குக் கோபம் வருகிறது’ என்று சொல்லும்போது நாமும் உணர்வுக்கு எழுவாயாக நம்மை நிறுத்திக்கொள்வதில்லை. வந்தது போய்விடும் என்ற நம்பிக்கையும், வந்ததை நான் வரவழைக்கவில்லை என்ற அடக்கமும் அந்த இலக்கணத்தில் இருக்கின்றன. ‘வந்தாயா?’ என்றால் ‘வந்தேன்’ என்று வினையைத் திருப்பிச் சொல்லித்தான் ஐரிஷில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆம், இல்லை என்பதற்கு அங்கே தனிச்சொல் கிடையாது.

அந்த மொழி இன்று பெரும்பாலோரின் வாயில் இல்லை. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். அடி அதிகம் விழுந்தது ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதி ஏழைகள்மேல். 19ஆம் நூற்றாண்டில் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. பிள்ளை ஐரிஷில் பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. வெட்டுகளை எண்ணி அடி. வயிற்றெரிச்சல் என்னவென்றால், வீட்டில் அந்த வெட்டைப் போட்டவர்களில் பெற்றோர்களும் இருந்தார்கள். ஆங்கிலம் தெரியாத பிள்ளை பிழைக்காது என்ற பயம் அவர்களுக்கு. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 18.7 லட்சம் பேர் தங்களுக்கு ஐரிஷ் பேச வரும் என்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 72,000 பேர்தான்.

ஆக, ஐரிஷ் எழுத்தாளர் ஆங்கிலத்தில் எழுதும்போதும் அடியில் வேறொரு மொழியின் எலும்புக்கூடு கிடக்கிறது. பழைய தலைமுறையின் ஆங்கிலத்தில் பசி ‘என்மேல்’ இருந்தது. அந்த நடை இன்று அருகிவிட்டது. ஆனால் உணர்வை நேராகக் கைநீட்டிப் பிடிக்காத பழக்கம் தங்கிவிட்டது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் ‘கிராண்ட்’ என்பார்கள். நன்றாக இருக்கிறேன் என்பதும் அதுவே, உயிர் போகிறது ஆனால் உன்னிடம் சொல்ல மாட்டேன் என்பதும் அதுவே.

இந்த இடத்தில் ஒரு பெரிய முரண் குறுக்கே வருகிறது. உணர்வை அடக்குவதுதான் ஐரிஷ் மரபு என்றால் கீனிங்கை என்ன செய்வது? கீனிங் என்ற ஆங்கிலச் சொல்லே அழுது புலம்புவதைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. நம் மொழியில் அதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: ஒப்பாரி. இழவு வீட்டில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, உடலை அசைத்து, கைதட்டி, செத்தவரின் பேரையும் குலத்தையும் பெருமையையும் சொல்லி அடுக்கி அழும் பெண்கள் அங்கேயும் இருந்தார்கள். சிலர் அதைத் தொழிலாகவே செய்தார்கள். அவர்களுக்குக் காசும் குடிக்க மதுவும் கொடுக்கப்பட்டன. கூலிக்கு மாரடிப்பது என்று நாம் இளக்காரமாகச் சொல்வதுபோலவே கத்தோலிக்கத் திருச்சபையும் அவர்களை இளக்காரமாகப் பார்த்தது. 17ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆயர்களின் கூட்டங்கள் இந்தப் புலம்பலைக் கண்டித்துத் தீர்மானம் போட்டன. செபமாலைக்கு இடம்விட்டு ஒப்பாரி மெல்ல ஒதுங்கியது. 20ஆம் நூற்றாண்டு நடுவில் அது ஏறக்குறைய இல்லாமலே போயிற்று.

அந்த மரபின் மணிமுடி 1773இல் பிறந்தது. ஆர்ட் ஓ லீரி ஆஸ்திரியப் பேரரசின் படையில் பணியாற்றித் திரும்பிய கத்தோலிக்க இளைஞன். புராட்டஸ்டண்டுகளின் ஆட்சி நடந்த காலம் அது; கத்தோலிக்கர் ஒருவர் ஐந்து பவுண்டுக்குமேல் மதிப்புள்ள குதிரை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற சட்டம் அப்போது இருந்தது. உள்ளூர் அதிகாரி ஆப்ரஹாம் மோரிஸ் ஐந்து பவுண்டை நீட்டி ஆர்ட்டின் அருமையான குதிரையைக் கேட்டார் என்றும் ஆர்ட் மறுத்தான் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். பகை முற்றி மே 4 அன்று கார்க் மாவட்டத்தில் அவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் மனைவி எவ்லீன் டுவ் நீ கோனல், பின்னாளில் அயர்லாந்தின் பெருந்தலைவரான டேனியல் ஓ கோனலுக்கு அத்தை. அவள் பாடிய ஒப்பாரி பலர் வாயில் வாழ்ந்து பிறகு ஏட்டில் ஏறியது.

குதிரை ஆளில்லாமல், சேணத்தில் ரத்தத்தோடு வீடு வருகிறது. எவ்லீன் மூன்று பாய்ச்சல் பாய்கிறாள். முதல் பாய்ச்சல் வாசற்படிக்கு, இரண்டாவது வெளிக்கதவுக்கு, மூன்றாவது குதிரை முதுகுக்கு. முட்புதர் ஓரத்தில் கணவன் கிடக்கிறான். பாதிரியார் இல்லை, ஒரு கிழவி மட்டும் தன் மேலாடையை அவன்மேல் விரித்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிறாள். வழியும் ரத்தத்தை எவ்லீன் துடைக்கவில்லை, உள்ளங்கையில் ஏந்திக் குடிக்கிறாள்.

எனக்கு இதைவிடவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இழவு வீட்டில் ஆர்ட்டின் தங்கை எழுந்து, என் அண்ணன் பிணமாகக் கிடக்கும்போது உறங்கப் போன பெண்ணை எங்கேனும் கண்டதுண்டா என்ற தொனியில் அண்ணியைக் குத்திப் பாடுகிறாள். எவ்லீன் விடவில்லை. உறங்கவா போனேன், அழுத பிள்ளைகளைத் தூங்கவைக்கத்தானே போனேன் என்று பாட்டிலேயே திருப்பிக் கொடுக்கிறாள். நாத்தனார் சண்டை ஒப்பாரிக்குள் புகுந்துவிடுகிறது. ஒப்பாரியை வெறும் அழுகை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைப் படிக்க வேண்டும். அது ஒரு பொது மன்றம். பெண்கள் அங்கே வழக்காடினார்கள், பழி சொன்னார்கள், கொலைகாரனைப் பேர் சொல்லிச் சபித்தார்கள். வேறெந்த அவையிலும் அவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

250 ஆண்டுகள் கழித்து இந்தப் பாட்டை டாய்ரன் நீ க்ரீஃபா எடுத்துக்கொண்டார். ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதுபவர், பிள்ளைகளைப் பெற்ற தாய். 2020இல் டிராம்ப் பிரஸ் என்ற சிறிய பதிப்பகம் வெளியிட்ட ‘எ கோஸ்ட் இன் த த்ரோட்’, அதாவது தொண்டைக்குள் ஓர் ஆவி, அவருடைய முதல் உரைநடை நூல். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, மிச்சப் பாலைப் பீய்ச்சிக் குறைமாதக் குழந்தைகளுக்கான பால் வங்கிக்கு அனுப்பிக்கொண்டு, துணி மடித்துக்கொண்டு, கிடைக்கும் ஐந்து பத்து நிமிடங்களில் எவ்லீனைத் தேடுகிறார் அவர். ஆவணங்களில் எவ்லீன் யாரோ ஒருவரின் மனைவி, யாரோ ஒருவரின் அத்தை. எப்போது செத்தாள், எங்கே புதைத்தார்கள் என்பதற்குத் தடயமே இல்லை. கணவனுக்குக் கல்லறை இருக்கிறது. கணவனை அமரனாக்கியவளுக்கு இல்லை.

அந்த நூலைப் படிக்கும்போது ஒன்று உறைத்தது. வீட்டு வேலையைக் கவிதைக்கு இடைஞ்சலாக அவர் பார்க்கவில்லை. அறை அறையாகக் கூட்டித் துடைப்பதுபோலவே பத்தி பத்தியாக மொழிபெயர்க்கிறார். நூலின் கடைசியில் மூலமும் அவருடைய மொழிபெயர்ப்பும் எதிரெதிரே நிற்கின்றன. இதில் உணர்வு அடங்கிக் கிடக்கவே இல்லை. பால், ரத்தம், கண்ணீர் எல்லாம் வெளியே ஓடுகின்றன. ஐரிஷ் மௌனத்தைச் சுபாவம் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு புத்தகமே போதுமான மறுப்பு.

அப்படியானால் மௌனம் எப்போது கெட்டிப்பட்டது? விடுதலைக்குப் பிறகு என்பதுதான் கசப்பான பதில். 1922இல் தென்பகுதி தனி நாடான பிறகு, பள்ளியையும் மருத்துவமனையையும் ஆதரவற்றோர் இல்லங்களையும் பெருமளவுக்குத் திருச்சபையின் கையில் விட்டது அரசு. 1929இல் நூல் தணிக்கைச் சட்டம் வந்தது. எட்னா ஓ பிரையன் 1960இல் கிராமத்துப் பெண்கள் இருவரின் கதையை எழுதினார், தடை விழுந்தது. ஜான் மெக்கஹர்ன் 1965இல் வெளியிட்ட நாவலுக்கும் தடை, கூடவே ஆசிரியர் வேலையும் போயிற்று. ஐரிஷ் அடையாளம் என்பது கத்தோலிக்கம், கிராமம், குடும்பம், கற்பு என்று ஒரு சட்டத்துக்குள் அடிக்கப்பட்டது. அதில் அடங்காதவர்களுக்கு மதில் சுவர்கள் இருந்தன.

மதில் சுவர் என்பது உவமை இல்லை. மணமாகாமல் கருவுற்ற பெண்கள், அநாதைகள், ‘அடங்காத’ பெண்கள் ஆகியோரைக் கன்னிமடங்கள் நடத்திய மேக்டலின் சலவைச்சாலைகளுக்குள் அடைத்து, கூலியில்லாமல் துணி வெளுக்க வைத்தார்கள். கடைசிச் சலவைச்சாலை டப்ளினில் மூடப்பட்டது 1996இல். 1922க்குப் பிறகு சுமார் 10,000 பெண்கள் அவற்றுக்குள் போனதாக 2013இல் வந்த அரசு அறிக்கை சொல்கிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் பிரதமர் எண்டா கென்னி மன்னிப்புக் கேட்டார். கால்வே மாவட்டத்து டூவம் நகரில், மணமாகாத தாய்மார்களுக்காகக் கன்னியர் நடத்திய தாய்-சேய் இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் பேர்களைத் தனியாளாகத் திரட்டினார் உள்ளூர் வரலாற்று ஆர்வலர் கேத்தரின் கார்லஸ். இறப்புப் பதிவுகள் இருந்தன, புதைத்ததற்கான பதிவுகள் இல்லை. பூமிக்கடியில் கழிவுநீர்த் தொட்டி போன்ற அமைப்பில் குழந்தை எலும்புகள் இருப்பது 2017இல் உறுதியாயிற்று. முறையான அகழ்வு 2025இல்தான் தொடங்கியது.

கீகனின் ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’, இத்தகைய சின்ன விஷயங்கள் என்ற பொருள் தரும் 2021ஆம் ஆண்டு நாவல், இந்த இருட்டுக்குள் ஒரு கரி வியாபாரியை அனுப்புகிறது. நியூ ராஸ் நகரம், 1985, கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. வியாபாரி பில் ஃபர்லாங்குக்கு ஐந்து மகள்கள். கன்னிமடத்துக்குக் கரி இறக்கப் போன விடியற்காலையில் கரிக்கொட்டகைக்குள் பூட்டிவைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பார்க்கிறார். அவள் தன் குழந்தையைப் பற்றிக் கேட்கிறாள். யார் பால் கொடுப்பார்கள் என்பது அவள் கவலை. மடத்துத் தலைவி ஃபர்லாங்கை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுக்கிறார், பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறார், வீட்டுக்காரிக்கு என்று கிறிஸ்துமஸ் உறை ஒன்றை நீட்டுகிறார். மிரட்டல் என்று சொல்லத்தக்க ஒரு சொல் கிடையாது. ஆனால் ஃபர்லாங்கின் பெண்கள் படிக்கும் நல்ல பள்ளி மடத்தின் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும்.

மனிதர் ஒருவர் மற்றவரின் நிழலில் வாழ்கிறார் என்று ஐரிஷில் ஒரு பழமொழி உண்டு. அந்தச் சொல்லுக்கு நிழல் என்றும் பொருள், புகலிடம் என்றும் பொருள். தமிழிலும் நிழல் அப்படிப்பட்ட சொல்தான். ஃபர்லாங் மணமாகாத வேலைக்காரிக்குப் பிறந்தவர். அவர் தாய் மதிலுக்குள் போகாமல் தப்பியது, வீட்டு எசமானியான புராட்டஸ்டண்ட் விதவை அவளைத் துரத்தாமல் வைத்துக்கொண்டதால். அந்த நிழல் அவரை வளர்த்தது. ஆனால் ஊர் முழுவதும் மடத்தின் நிழலில் நிற்கிறது, அதனால் ஊருக்கு வாயில்லை. மனைவி அய்லீனும் உணவகம் நடத்தும் அம்மாளும் சொல்வது ஒன்றே: நமக்கு எதற்கு வம்பு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நல்லவர்களின் உதவியோடுதான் இந்த மௌனம் நடந்தது என்பதுதான் கீகன் வைக்கும் குற்றச்சாட்டு. அதையும் அவர் குரலை உயர்த்தாமலே வைக்கிறார். நாவலின் முடிவில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஃபர்லாங் அந்தப் பெண்ணைக் கையோடு அழைத்துக்கொண்டு ஊருக்குள் நடக்கிறார். அவள் காலில் செருப்பில்லை. தெரிந்தவர்கள் பார்க்கிறார்கள். அதற்குப் பின் என்ன ஆயிற்று என்று கதை சொல்லவில்லை. என்ன ஆகியிருக்கும் என்று அயர்லாந்தில் படிக்கும் எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

வடக்கே, பிரிட்டனோடு இருந்துவிட்ட வட அயர்லாந்துக்குப் போனால் மௌனத்துக்கு வேறு காரணம், உயிர்ப் பயம். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய நம் கால்டுவெல் பிறந்தது ஆன்ட்ரிம் மாவட்டத்தில். பெல்ஃபாஸ்ட் நகரின் பெரும்பகுதி அந்த மாவட்டத்துக்குள்தான் வருகிறது. பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டண்டுகள் ஒரு பக்கம், அயர்லாந்தோடு சேர விரும்பிய கத்தோலிக்கர்கள் மறுபக்கம் என்று 1960களின் இறுதியிலிருந்து 1998ஆம் ஆண்டு அமைதி ஒப்பந்தம் வரை நீடித்த மோதலில் சுமார் 3,500 பேர் செத்தார்கள். அங்கே ஒருவரின் பேரைக் கேட்டாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பெல்ஃபாஸ்டின் ஆர்டாய்ன் பகுதியில் வளர்ந்த அன்னா பர்ன்ஸ் தம் ‘மில்க்மேன்’ நாவலில் யாருக்குமே பேர் வைக்கவில்லை. கதை சொல்லும் 18 வயதுப் பெண் ‘நடு அக்கா’, அவளோடு பழகுகிறவன் ‘ஒருவேளைக் காதலன்’. 2018இல் புக்கர் பரிசு இதற்குக் கிடைத்தது. வட அயர்லாந்துக்கு அது முதல் புக்கர்.

ஆயுதக் குழுவில் செல்வாக்குள்ள ஒருவன் அவளைப் பின்தொடர்கிறான். தொடவில்லை, அதட்டவில்லை, வந்து நிற்கிறான், அவ்வளவுதான். அதைத் தொல்லை என்று சொல்ல அந்த ஊரில் சொல் கிடையாது. வதந்தி மட்டும் இருக்கிறது. அவள் தற்காப்புக்காக முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகுகிறாள். கொஞ்ச நாளில் உள்ளேயும் எதுவும் இல்லாமல் போய்விடுகிறது. நடித்த மரப்பு நிஜ மரப்பாகிவிடுகிறது. அரசியல் வன்முறை உணர்வை என்ன செய்யும் என்பதை இவ்வளவு துல்லியமாக நான் வேறெங்கும் படித்ததில்லை. இன்னொரு காட்சியில் பிரெஞ்சு வகுப்பு ஆசிரியை மாணவர்களை ஜன்னலருகே கூட்டிப்போய் அந்தி வானத்தைக் காட்டுகிறார். வானம் நீலம்தான் என்று எல்லோரும் அடம்பிடிக்கிறார்கள். கண்ணுக்கெதிரே இளஞ்சிவப்பும் ஊதாவும் பொன்னும். ஒத்துக்கொண்டால் இன்னும் எதையெதையெல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டிவருமோ என்ற பயம் அவர்களுக்கு.

பணத்தைப் பற்றிய மௌனம் அடுத்தது. 1990களில் பொங்கிய பொருளாதாரம் 2008இல் கவிழ்ந்தது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் அயர்லாந்து கை நீட்ட வேண்டிவந்தது. பாதி கட்டி விட்ட வீட்டு மனைகள் ஊர் ஊராக நின்றன. டோனல் ரயனின் ‘த ஸ்பின்னிங் ஹார்ட்’ நாவலில் (2012) 21 பேர் ஆளுக்கொரு அத்தியாயம் பேசுகிறார்கள். ஓடிப்போன கட்டடக்காரர் தொழிலாளர்களின் காப்பீட்டுப் பணத்தைக் கட்டவே இல்லை என்பது வேலை போன பிறகுதான் அவர்களுக்குத் தெரிகிறது. 21 பேரும் நம்மிடம் கொட்டித் தீர்க்கிறார்கள். ஒருவர் மற்றவரிடம் சொல்வது சொற்பம். சாலி ரூனியின் ‘நார்மல் பீப்பிள்’ நாவலில் கல்லூரி மாணவன் கானலுக்கு வேலை நேரம் குறைந்து வாடகை கொடுக்க முடியவில்லை. கோடை முழுவதும் உன் வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா என்று காதலியைக் கேட்க வேண்டும். அவன் தாய் அவள் வீட்டில் துப்புரவு வேலை செய்தவள். அந்த ஒரு வாக்கியம் வாயில் வராததால் காதல் முறிகிறது. ரூனியை நவீன இளைஞர்களின் எழுத்தாளர் என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அவர் இந்த இடத்தில் பழைய ஐரிஷ் எழுத்தாளராகவே தெரிகிறார்.

இவ்வளவையும் மெச்சிவிட்டு ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். உலகச் சந்தைக்கு ஐரிஷ் துக்கம் பிடித்துப்போய்விட்டது. மழை, கரி, கன்னிமடம், 1980கள் என்றால் வெளிநாட்டு வாசகர் உருகுகிறார். ஆறிப்போன காயத்துக்காக அழுவது எளிது. இப்போது ரத்தம் கசியும் காயங்கள் அந்த அளவுக்குப் படிக்கப்படுவதில்லை. இன்று அயர்லாந்து மக்களில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். ஊர் ஊராய் நகர்ந்து வாழ்ந்த ‘டிராவலர்’ சமூகத்தைத் தனி இனக்குழுவாக அரசு ஏற்றுக்கொண்டது 2017 மார்ச் மாதத்தில்தான். அச்சமூகத்தைச் சேர்ந்த ஒயீன் டிபார்டூன் தம் மக்கள் வாய்வழியாகக் காத்த கதைகளை 2020இல் நூலாக்கினார். ஐரிஷ் அடையாளம் என்றால் யாருடைய உணர்வு என்ற கேள்வியை இவர்கள்தான் இப்போது எழுப்புகிறார்கள்.

மெலட்டு உச்சே ஒகோரி நைஜீரியாவில் பிறந்தவர். 2006இல் அயர்லாந்துக்கு வந்து புகலிடம் கேட்டார். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘நேரடி வழங்கல்’ என்ற ஏற்பாட்டின்கீழ் எட்டரை ஆண்டுகள் விடுதிகளில் இருந்தார். அங்கே தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு. வேலைக்குப் போக 2018 வரை அனுமதி கிடையாது. பெரியவர் ஒருவருக்கு வாரப்படி 19.10 யூரோ, 2017 வரை ஏறவே இல்லை. இந்த ஏற்பாட்டை 2024 முடிவதற்குள் ஒழிப்பதாக 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. தாய்-சேய் இல்லங்களுக்காகப் பிரதமர் மன்னிப்புக் கேட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 2024 முடிந்தும் அந்த வாக்கு நிறைவேறவில்லை.

2018இல் வந்த ஒகோரியின் ‘திஸ் ஹாஸ்டல் லைஃப்’ தொகுப்பின் தலைப்புக் கதை ஒரு வரிசையில் நடக்கிறது. பொருள் கொடுக்கும் நாள், விடுதிப் பெண்கள் காத்திருக்கிறார்கள். கதை சொல்பவள் காங்கோ நாட்டுக்காரி. அவளுடைய ஆங்கிலம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லாதது. பல நாட்டுப் பெண்கள் ஒரே கூரையின்கீழ் பேசிப் பேசி உண்டான ஆங்கிலம். ஐரிஷ் பேசிய பாட்டன்மார்கள் தங்கள் பசியையும் துக்கத்தையும் ஆங்கிலத்தின் தோள்மேல் ஏற்றி அந்த மொழியை வளைத்தார்களே, அதே வேலையை அதே தீவில் இப்போது இந்தப் பெண்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

வரிசை மெதுவாக நகர்கிறது. ஒருத்தி தேன் கேட்கிறாள். இல்லை என்கிறார்கள். தேன் சின்ன விஷயம்தான், விட்டுவிட்டுப் போகலாம். அவள் போகவில்லை. அங்கேயே நின்று சத்தம் போடுகிறாள்.